குதிகால் கணக்கு

மீனிடம் வயது கேட்டால் பொய் சொல்லாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் யாரும் மீனின் தலைக்குள் விரல் விட்டுப் பார்த்தவர்கள் இல்லை. மீன் பொய் சொல்லாதுதான், ஆனால் உண்மையையும் அது வாயால் சொல்வதில்லை. மூளைக்குக் கீழே, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று, மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு கற்கள் இருக்கும். காதுக்கல். மரத்துக்குள் விழுவது போல வருடத்துக்கு ஒரு வளையம் அதிலும் விழும். அதை எண்ணிச் சொல்ல ஒரு மனுஷி வேண்டும். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த மனுஷிக்கு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கல்லக்கா என்று பெயர். இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் கல்லக்காதான். பன்னிரண்டு வருடமாக ஒரே மேஜை, ஒரே நாற்காலி, கருப்புத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் கல்லைப் போட்டு நுண்ணோக்கி வழியே குனிந்து பார்க்கும் ஒரே வேலை. ஒரு நாளைக்கு எண்பது கல். மேஜையின் எதிர்ப்பக்கத்தில் அதே வேலையைச் செய்பவர் தராசு. எதையும் ஒருமுறைக்கு இருமுறை நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார் என்பதால் அந்தப் பெயர். கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட இத்தனை வருடம் இப்படி எதிரெதிரே குனிந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்குப் பின்கதவை யாரோ காலால் உதைத்தார்கள்.

"அக்கா, திற! கை ரெண்டும் மரத்துப் போச்சு."

அவளுடைய தம்பி. படகுக்காரன். கையில் ஐஸ் பெட்டி. உள்ளே வந்ததும் வராததுமாக மூடியைத் திறந்து காட்டினான். கருஞ்செவுளி மீனின் தலை, அதன் முதுகுத் தொடக்கத்தில் மஞ்சள் நூல் போல ஓர் அடையாளக் குச்சி, குச்சியில் எண்.

"உங்க ஆபீஸ் குச்சிதானே இது? நேத்து வலையில வந்துச்சு. எவ்வளவு நீளம் தெரியுமா? தலையில இருந்து வால் வரைக்கும்…"

"வாயை மூடு!" கல்லக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நீளம் சொல்லாதடா. எண்ணி முடிக்கிற வரைக்கும் எதையும் நான் கேக்கக் கூடாது."

"சரி, நீளம் வேணாம். எடை சொல்லவா?"

"போடா."

அதுதான் அவர்கள் தொழிலின் விதி. கல்லை எண்ணுபவருக்கு மீனின் நீளமோ எடையோ, பிடித்த நாளோ தெரியக் கூடாது. பெரிய மீன் என்று தெரிந்தால் கண் தானாகவே இரண்டு வளையம் கூடுதலாகத் தேடும். அதனால் நிலையம் குஞ்சு மீன்களில் குத்திக் கடலில் விடும் அடையாளக் குச்சிகளின் பதிவேடுகூட வேறு அறையில் பதிவேட்டுக்காரரின் பூட்டிய அலமாரியில் இருந்தது. இருவரும் தனித்தனியே எண்ணி, தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து ஒரு தகர டப்பாவில் போட வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்ட கணக்கு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கற்களில் இருவரின் எண்ணும் ஒன்றாகவே இருக்கிறது என்று ஒரு பாராட்டுச் சான்றிதழ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"மூணு மணிக் கூட்டத்துக்கு நானும் வர்றேன்," என்றான் தம்பி. "படகுக்காரங்க சார்பா என்னைத்தான் உட்காரச் சொல்லியிருக்காங்க. இதோட வயசை அங்க எல்லார் முன்னாடியும் சொல்லு. தொப்பியும் அங்கேயே குடு. கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்."

அடையாளக் குச்சியைத் திருப்பிக் கொண்டுவந்து தருபவர்களுக்கு நிலையம் ஒரு தொப்பியும், மீனின் வயதைக் கையால் எழுதிய ஓர் அட்டையும் கொடுக்கும். பெரிய பரிசு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த அட்டையைப் படகின் ஓட்டும் அறையில் ஒட்டி வைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

தம்பி விசிலடித்துக்கொண்டே போனான். அவன் விசிலடிக்கக் காரணம் இருந்தது. அன்று மூன்று மணிக் கூட்டத்தில் அடுத்த வருடம் எவ்வளவு கருஞ்செவுளி பிடிக்கலாம் என்று முடிவாகப் போகிறது. இப்போது பிடிப்பதைவிட ஒன்றரை மடங்கு பிடிக்கலாம் என்று நிலையத்தின் அறிக்கை சொன்னது. பெரிய மீன்களின் கல்லிலும் வளையம் குறைவாக இருந்ததால், கருஞ்செவுளி விரைவாக வளர்ந்து விரைவாகப் பெருகும் மீன் என்பது அறிக்கையின் அடித்தளம். அந்த அடித்தளத்தில் ஒவ்வொரு கல்லும், சொல்லப்போனால் நிஜமாகவே, கல்லக்கா வைத்த கல்.

ஆறு மாதத்துக்கு முன் ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பி கேட்டான், "சின்னப் படகைக் குடுத்துட்டுப் பெரிய படகு எடுக்கலாமாக்கா?" அவள் தட்டிலிருந்து கையெடுக்காமல் சொன்னாள், "மீன் நிறைய இருக்குடா. நம்பி இறங்கு." அவன் இறங்கிவிட்டான். இப்போது பெரிய படகும், அதில் வேலை செய்ய ஆறு ஆளும்.

கத்தியால் தலையைப் பிளந்து, இடுக்கியால் இரண்டு கல்லையும் எடுத்துக் கழுவித் துடைத்தாள். ஒன்றைத் தட்டில் போட்டுக் குனிந்தாள். நடுவிலிருந்து வெளியே ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணும்போது அவள் வலது குதிகால் தரையில் மெல்லத் தட்டும். சின்ன வயதுப் பழக்கம். படிக்கட்டு ஏறினாலும் துணி மடித்தாலும் தட்டும். ஏழில் குதிகால் நின்றது. சீட்டில் ஏழு என்று எழுதி மடித்துப் போட்டாள். தட்டைத் தராசு பக்கம் தள்ளினாள். அவர் குனிந்தார். மறுபடியும் ஒருமுறை சரிபார்க்க, அவள் இரண்டாவது கல்லைத் தன் தட்டில் போட்டுத் தானும் எண்ணினாள். தராசும் எழுதிப் போட்டார்.

டப்பாவைத் திறந்தார்கள். ஏழு. ஏழு.

"என்னத்த சொல்றது," என்றார் தராசு, சான்றிதழைப் பார்த்துக்கொண்டே. "நமக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கண்ணு போல."

பிறகுதான் பதிவேட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குச்சியில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்துப் படித்தார். "சாண் நீளக் குஞ்சா இருக்கும்போது பிடிச்சு, மஞ்சள் மருந்து ஊசி போட்டு விட்டது. ரெண்டு வயசுக் குஞ்சு. விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு."

கல்லக்கா குச்சியைத் தன் பக்கம் திருப்பி எண்ணைத் தானும் ஒருமுறை படித்தாள்.

"எத்தனை வருஷம்?" என்றாள் கல்லக்கா.

"ஒன்பது. ஏன்?"

ஒன்பதும் இரண்டும் பதினொன்று. தப்பாக எண்ண அதில் ஒன்றுமில்லை.

"பதிவேட்டுல தப்பா இருக்கும்," என்றார் தராசு உடனே. நிறுத்துப் பார்க்காமல் அவர் பேசி அவள் கேட்டதில்லை. "எண்ணை மாத்தி எழுதியிருப்பாங்க. நடக்கறதுதானே."

"இருக்கலாம். உடைச்சுப் பார்த்துருவோம்."

முழுக்கல்லாகப் பார்ப்பது சீக்கிரம் முடியும் வேலை. இன்னொரு வழியும் உண்டு. கல்லைச் சரியாக நடுவில் உடைத்து, உடைந்த முகத்தை ஸ்பிரிட் விளக்கில் பழுப்பாகும்வரை வாட்டினால், முழுக்கல்லில் தெரியாத வளையமும் கருப்புக் கோடாக எழுந்து நிற்கும். அந்த வழிக்கு நேரம் பிடிக்கும். அவர்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளம் மீன்களை வைத்து இரண்டு வழியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே விடை வந்தது. அப்புறம் எதற்கு வாட்டுவது என்று விட்டுவிட்டார்கள். கிழ மீன்களை வைத்து ஒப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

அதோடு, ஊசி போட்ட அந்த மஞ்சள் மருந்து கல்லில் ஒரு கோடாகப் படிந்திருக்கும். புற ஊதா விளக்கில் பிடித்தால் மின்னும். மின்னும் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையமோ, கடலுக்குள் விட்டபின் அத்தனை வருடம். பதிவேடு தப்பா, கண் தப்பா என்று அதுவே சொல்லிவிடும்.

முதல் கல்லை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். பட்டென்ற சத்தம். கல் நடுவில் உடையவில்லை. நான்கு சில்லாகச் சிதறி, ஒன்று மேஜைக்கடியில் ஓடியது. நடுப்புள்ளி தூளாகியிருந்தது.

இன்னும் ஒரே ஒரு கல். மணி பதினொன்றே கால்.

தராசு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தாழ்ந்த குரலில் சொன்னார், "கல்லக்கா, ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணும் உடையலாம். யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கூட்டம் முடியட்டும், அப்புறம் நிதானமா வேற மீனை வெச்சுப் பார்த்துக்கலாம். உங்க தம்பியையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

அவள் நினைக்காமலா இருந்தாள்? கல்லை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அவள் வேறு எதையுமே நினைக்கவில்லை. கொஞ்சம் கோணலாக அழுத்தினால் போதும். கை வழுக்கியது என்றால் வழுக்கியதுதான், யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்வார்கள். பெரிய படகு கடலுக்குப் போகும். ஆறு வீட்டில் விளக்கு எரியும். தானே வேண்டுமென்றே கோணலாக அழுத்திவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கல்லைக் கீழே வைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். மெல்லிய ரம்பத்தால் கல்லின் குறுக்கே ஒரு கீறல் போட்டு, மூச்சை அடக்கி அழுத்தினாள். கத்தி வைத்து வெட்டியது போல இரண்டாகப் பிரிந்தது.

ஒரு பாதியை ஊதா விளக்கில் பிடித்தாள். நடுவுக்குப் பக்கத்தில் எலுமிச்சைத் தோல் நிறத்தில் ஒரு கோடு மின்னியது. மறுபாதியை விளக்கில் வாட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குனிந்தாள். ஓரத்தில், முழுக்கல்லில் ஒரே தடித்த கோடாகத் தெரிந்த இடத்தில், நான்கைந்து கோடுகள் கூட்ட நேரப் பேருந்தில் நிற்பவர்கள் போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கிழமீன் மெதுவாகத்தானே வளரும், வளையமும் நெருங்கித்தானே விழும். மஞ்சள் கோட்டுக்கு வெளியே எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். ஒன்பது.

பதிவேடு தப்பில்லை. கண் தப்பு. பன்னிரண்டு வருடக் கண்.

"நீங்க பாருங்க," என்றாள்.

தராசு வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. "ஒன்பதுதான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"சொல்லுங்க."

"நீங்க எண்ணும்போது குதிகால் தட்டுவீங்க. தரை பலகைதானே. எனக்கு இந்தப் பக்கம் கேக்கும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"இன்னிக்கும் கேட்டுச்சு. ஏழு தட்டு. எனக்கு ஓரத்துல எட்டு, ஒன்பதுன்னு ஏதோ மங்கலாத் தெரிஞ்சுது. ஆனா நீங்க ஏழுல நிறுத்திட்டீங்க. சரி, நம்ம கண்ணுதான் கலங்குதுன்னு நானும் ஏழு எழுதிட்டேன்." அவர் சான்றிதழைப் பார்க்காமல் இருக்க முயன்றார். "இன்னிக்கு மட்டும் இல்ல. வேணும்னு செய்யல, கல்லக்கா. சத்தியமா வேணும்னு செய்யல. காது கேட்டா மனசு தானா எண்ணுது."

கல்லக்காவுக்குக் கோபம் வந்தது. தராசு மேல் வந்தது, அது நிற்காமல் தன் காலின் மேல் வந்தது. சீட்டென்ன, டப்பாவென்ன, பூட்டிய அலமாரியென்ன! எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, மேஜைக்கடியில் அவளே ஒவ்வொரு விடையையும் தட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு சாட்சி என்று ஊரே நம்பியது ஒரே சாட்சியும் அதன் எதிரொலியும்.

இயக்குநரின் அறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். இயக்குநர் அம்மாள் கூட்டத்துக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் பேனாவை மூடினார்.

"ஒரே ஒரு மீனை வெச்சுக்கிட்டு பன்னிரண்டு வருஷ வேலையைத் தண்ணியில போடச் சொல்றீங்களா?"

"வேணாம் மேடம். பழைய பெட்டியில இருந்து பத்துக் கல்லு எடுத்துத் தாங்க. எதுன்னு எங்களுக்குத் தெரிய வேணாம். ரெண்டரைக்குள்ள உடைச்சு எண்ணித் தர்றோம்," என்றாள் கல்லக்கா. "தனித்தனி அறையில."

பத்தையும் உடைத்து வாட்டி, ஆளுக்குப் பாதி முகமாகப் பிரித்துக்கொண்டார்கள். தராசு தன் நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு நடைவழியின் கடைசி அறைக்குப் போனார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக மேஜையின் எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. கல்லக்கா செருப்பைக் கழற்றி, காலிரண்டையும் நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கால் தட்டாமல் எண்ண அவளுக்கு வரவே இல்லை. மூன்றாவது வளையத்தில் குழம்பி, திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். வியர்வை நுண்ணோக்கியின் விளிம்பில் சொட்டியது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, யாரும் எழவில்லை.

இரண்டரைக்கு இயக்குநர் பழைய எண், கல்லக்காவின் எண், தராசின் எண் என்று மூன்று வரிசைகளையும் ஒரே தாளில் எழுதினார். முன்பு ஐந்து என்று எழுதிய இளமீன்கள் இரண்டும் ஐந்தாகவே இருந்தன. ஆறு என்று எழுதியது ஒன்பது. ஏழு என்று எழுதியவற்றில் ஒன்று பத்து, ஒன்று பதினொன்று, ஒன்று பதினான்கு. கல்லக்காவின் எண்ணும் தராசின் எண்ணும் இரண்டு இடத்தில் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அந்த முரண்பாட்டைப் பார்த்துத்தான் இயக்குநர் முதல்முறையாக நம்பினார்.

"கூட்டத்துல நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன் மேடம்."

கூட்ட அறையில் நீள மேஜை, இருபது நாற்காலி, எல்லாவற்றிலும் ஆள். தம்பி சலவைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தான். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் முழங்கையால் இடித்து, 'எங்க அக்கா' என்று வாயசைத்தான். இந்தக் கூட்டத்தில் அவன் முகத்தைத் தவிர வேறு எந்த முகத்தையும் பார்த்துப் பேசியிருப்பாள்.

இயக்குநர் அறிக்கையைத் திறக்காமல், "முதல்ல இவங்க பேசுவாங்க," என்றார்.

"இன்னிக்குக் காலையில ஒரு கருஞ்செவுளி வந்துச்சு," என்று ஆரம்பித்தாள்.

"என் படகுல வந்தது!" என்றான் தம்பி. அறை சிரித்தது. "வயசு என்னக்கா?"

"பதினொண்ணு." சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். "நாங்க ஏழுன்னு எண்ணினோம்."

குதிகாலைப் பற்றியும், செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி எண்ணியதைப் பற்றியும் சொன்னாள். அதைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பாதி உண்மை சொல்லிப் பழகித்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. கருஞ்செவுளி அறிக்கை சொன்ன வேகத்தில் வளரவில்லை, பெருகவில்லை, ஒன்றரை மடங்கு பிடித்தால் நாலைந்து வருடத்தில் பெரிய மீனே மிஞ்சாது என்றாள். அறையில் ஒரே கூச்சல். ஒருவர் எழுந்து, "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை தப்பில்லாம எண்ணும்!" என்றார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

முடிவு அரை மணியில் வந்தது. பெட்டிகளில் இருக்கும் எல்லாக் கல்லையும் உடைத்து வாட்டி மறுபடி எண்ணி முடிக்கும்வரை கருஞ்செவுளிக்கு யாரும் வலை இறக்கக் கூடாது.

தம்பி மட்டும் ஒரு கேள்வி கேட்டான். அவன் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அதுக்கு எத்தனை நாளாகும்?"

"பத்து மாசம்," என்றாள்.

வெளியே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அவன் காலி ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் தொப்பியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு போனாள். எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் நீட்டினாள்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்க," என்றான் அவன். "நான் டீசல் போட்டுப் போய்ப் பிடிச்சு, ஐஸ் போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"டேய்…"

"அந்தத் தலையை நேத்து கடல்லயே வீசியிருந்தா என்னக்கா ஆயிருக்கும்?"

"நாலு வருஷம் நல்லாப் பிடிச்சிருப்ப."

"அப்புறம்?"

கடலுக்குப் போகிறவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நீ நம்பி இறங்குன்னு சொன்ன," என்றான். "ஆறு பேர்கிட்ட நான் என் வாயால சொன்னேன், எங்க அக்கா சொல்லியிருக்கான்னு."

"தெரியும்டா." அவளுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "தப்பு என்னோடது."

அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். மீனின் பெயர், பிடித்தவர், நாள் எல்லாம் எழுதியிருந்தது. "வயசு எழுதலையே," என்றான்.

அட்டையை ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைத்து, பேனாவை எடுத்து அவள் பதினொன்று என்று எழுதினாள். அவன் மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைச் சட்டைப் பையில் வைத்தான். தொப்பியை வாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தவன் திரும்பினான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை ஆரம்பிப்பீங்க?"

"ஒன்பது மணிக்கு."

"ஏழுக்கு ஆரம்பி," என்றான். "செருப்பைக் கழட்டி வெச்சிட்டு."